கரண்ட் போன நேரத்துக் கணக்கு

ஈரோட்டில் கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கணக்கைப் பற்றிப் பயம் குறைவாக இருந்தது. கரண்ட் அதிகம் போகாத இந்தக் காலத்தில்தான் பயம் கூடியிருக்கிறது. சீட்டுக் கம்பெனி, ஜவுளிக்கடை, மில் ஆபீஸ் என்று வாழ்க்கையில் பாதிக்கு மேல் கணினிகளைப் பார்த்துக்கொண்டே கழித்தவன் நான். பயம் இப்போதுதான் கூடியிருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

1990-களின் நடுவில் ஒரு சீட்டுக் கம்பெனியில் கணினி பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒரு 386 மெஷின், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், லாரி பேட்டரி அளவில் ஒரு பேட்டரி வைத்து உள்ளூரில் செய்த ஒரு யுபிஎஸ். மெஷினில் டாஸ், அதன்மேல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு. தெருவைச் சுற்றிலும் விசைத்தறிகள். கரண்ட் போனால் ஃபேன் நிற்பதைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வதில்லை. தறிச் சத்தம் சட்டென்று அறுந்துபோகும், அதில்தான் தெரியும். அந்த நொடியில் ஆபீஸில் எல்லாருடைய கண்ணும் யுபிஎஸ் பக்கம் திரும்பும். அது கூவ ஆரம்பித்தால் கையிலிருக்கும் பதிவை முடித்துவிட்டு மெஷினை அணைக்க வேண்டும். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. கரண்ட் போகும் என்பது வெயில் அடிக்கும் என்பதுபோல எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் பேனா. கணினி வாங்கிய பிறகும் அவர் சிட்டை எழுதுவதை விடவில்லை. யார் பணம் கட்டினாலும் முதலில் தடித்த அட்டைபோட்ட சிட்டையில் ஒரு வரி: சீட்டு எண், பெயர், தொகை. அதன் பிறகுதான் என்னிடம் எண்ணைச் சொல்வார். பணம் போட்டுக் கணினி வாங்கிய முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. நான் ஒருநாள் கேட்டேன்.

“ஐயா, ரெண்டு வேலை ஆகுதேங்க. பொட்டியில ஏத்துனா போதாதுங்களா?”

“ஏத்துங்க தம்பி, நான் வேண்டாங்கலியே. மொதல்ல சிட்டையில ஒரு வரி எழுதிக்கறேன். அப்புறம் நீங்க எங்க வேணாலும் ஏத்துங்க. பணம் குடுத்தவங்க மறுபடியும் ஒருக்கா குடுக்க மாட்டாங்கல்ல?”

அந்தக் கடைசிக் கேள்விக்குள் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. பணம் கட்டியவர் கையில் ரசீது இருக்கிறது. உங்கள் பணம் எங்கள் கணக்கில் ஏறிவிட்டது, இனி எது நடந்தாலும் அது அழியாது என்று நாம் அவருக்குக் கொடுத்த வாக்கு அது. கணினிக்காரர்கள் ‘கமிட்’ ஆகிவிட்டது என்று சொல்வதும் இதே வாக்கைத்தான். வாக்கு கொடுத்த பிறகு கரண்ட் போனது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஒரு வசூல் நாளில் யுபிஎஸ் கூவக்கூட இல்லாமல் அடங்கியது. கரண்ட் திரும்பி வந்ததும் மெஷினைப் போட்டுப் பார்த்தால் மதியத்துக்குப் பிறகு ஏற்றிய பதிவுகளில் ஒன்றுகூட இல்லை. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு அம்மா ரசீதோடு போய்ச் சேர்ந்திருப்பார். கணினியைக் கேட்டால் அவர் அன்றைக்கு வரவே இல்லை. காரணம் இரண்டு. ஃபாக்ஸ்புரோவின் டேட்டா ஃபைலில் தலைப்பகுதி என்று ஒன்று உண்டு. இந்த ஃபைலில் இத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கை அங்கேதான் இருக்கும். புதுப் பதிவு ஃபைலின் வாலில் சேர்ந்தாலும், தலையில் உள்ள எண்ணிக்கை மாறாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பதிவு கணக்கில் வராது. இரண்டாவது, டாஸ் ஒரு ஃபைலின் அளவை அதை மூடும்போதுதான் டைரக்டரியில் திருத்தி எழுதும். காலையில் திறந்த ஃபைலை மாலைவரை மூடாமல் வைத்திருக்கும்படி எழுதப்பட்ட புரோகிராம் அது. ஆக, எழுதியது வட்டில் எங்கோ கிடக்கும். அது இன்னாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

அப்படி அநாதையாகக் கிடந்ததை ‘செக்டிஸ்க்’ கட்டளை தேடி எடுத்துப் பூஜ்யங்களும் எண்களுமாக ஒரு பெயர் வைத்து ஃபைலாகக் கொடுத்தது. அதை எடிட்டரில் திறந்தபோது பெயர்களும் தொகைகளும் வரிசையாகத் தெரிந்தன. அந்தக் காலத்து டேட்டா ஃபைல்கள் பெரும்பாலும் கண்ணால் படிக்கிற எழுத்துதான். கணக்குப்பிள்ளை சிட்டையை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். திரையில் சிதைந்துபோனவை சில. சிட்டையில் ஒன்றும் சிதையவில்லை. எந்த வரியை நம்புவது என்ற கேள்வியே எழவில்லை. இருட்டுவதற்குள் கணக்கு நேரானது.

மறுநாளே புரோகிராமை மாற்றினோம். ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு ஃபைலை மூடித் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் பிரிண்டருக்கு ரசீது போக வேண்டும். ஒவ்வொரு ரசீதுக்கும் சற்றுத் தாமதம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வரிசைமுறைதான் முக்கியம்: எழுதிய பிறகு ரசீது, ரசீதுக்குப் பிறகு எழுதுவது அல்ல.

அதே வருடங்களில் மைக்ரோசாஃப்டும் இதே பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. 1993-இல் வந்த டாஸ் 6.0-இல் இருந்த ‘ஸ்மார்ட் டிரைவ்’ வேகத்துக்காக வட்டில் எழுதுவதைச் சில நொடிகள் தள்ளிப்போட்டது. வேலை முடிந்தது என்று திரையில் பார்த்துச் சுவிட்சை அணைத்தவர்கள் ஃபைல்களை இழந்தார்கள். அதே ஆண்டின் கடைசியில் வந்த 6.2-இல், எழுதி முடித்த பிறகே திரையில் கட்டளைக்குறி திரும்பி வரும்படி மாற்றினார்கள்.

கணக்குப்பிள்ளை பழக்கத்தால் செய்ததை ஒருவர் கணிதமாக எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு நண்பர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த ஆய்வுக்கட்டுரை அது. 1992-இல் வெளிவந்தது, முறையின் பெயர் ஏரீஸ். எழுதியவர்களில் முதல் பெயர் சி. மோகன். சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா போய் ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். அவரோடு ஹேடர்லி, லிண்ட்சே, பிரஹேஷ், ஷ்வார்ட்ஸ் என்று நான்கு பேர். ‘முதலில் லாக், பிறகு டேட்டா’ என்ற விதி அதற்கு முன்பே உண்டு; லாக் (log) என்பது நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கும் பதிவேடு. ஜிம் கிரே போன்றவர்கள் 1970-களிலேயே ஐபிஎம்மில் அதை வகுத்திருந்தார்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை ஓட்டையில்லாமல் கட்டியது ஏரீஸ். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்று உலகத்துப் பெரிய டேட்டாபேஸ்கள் அதன்மேல் நிற்கின்றன.

அந்தக் கட்டுரையின் கணக்குகள் எனக்கு எல்லாம் புரிந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கப் படிக்க சிட்டையும் பேரேடும் கண்முன் வந்தன. நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது பிறகு, ஓய்வாக. பாதியில் விளக்கு அணைந்தால் பேரேடு அரைகுறையாக நிற்கும். சிட்டை இருப்பதால் கவலையில்லை. ஏரீஸ் செய்வதும் இதுதான். மெஷின் எழுந்ததும் லாக்கைப் படித்து எதுவரை வந்திருக்கிறோம் என்று பார்க்கும். பிறகு லாக்கில் உள்ள எல்லாவற்றையும், முடியாதவற்றையும் சேர்த்து, நடந்தபடியே மறுபடி நடத்தும். கடைசியாக, கமிட் ஆகாமல் பாதியில் நின்றவற்றைத் திருப்பும். திருப்புவதையும் அது லாக்கில் ஒரு புதுப் பதிவாக எழுதும். எங்கள் கணக்குப்பிள்ளையும் தப்பான வரியை அழிக்க மாட்டார். கீழே ஒரு எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வார். திருப்பிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனால்கூட எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் அந்தப் பதிவு. 1990-களின் ஈரோட்டில் மறுபடி கரண்ட் போவது கற்பனை அல்ல. அந்தக் கட்டுரையில் அந்தப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிறகு வந்தது தமிழ்நாட்டின் பெரிய மின்வெட்டுக் காலம். 2008-இலிருந்து ஆரம்பித்து 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்டுகள் விழுந்து அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருட்டில் இருந்தபோது தென் கிரிட் விழவில்லை. அப்போது அது மற்ற கிரிட்டுகளோடு ஒத்திசைவாக இணைக்கப்படாமல் தனியே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் தெருவில் அன்றைக்கும் வழக்கமான நேரத்துக்குக் கரண்ட் போனது.

அந்த வருடங்களில் நான் பார்த்துக்கொண்ட இடங்களில் கணக்கு தொலைந்ததாக நினைவில்லை. தொலைய விடவில்லை. ஒவ்வொரு கடையிலும் யுபிஎஸ் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதற்கென்று ஒரு ஆள் உண்டு. பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பில் போடும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். தினமும் சோதனை நடந்துகொண்டே இருந்தது, மின்வாரியமே நடத்தியது. மாலையில் பேக்கப் எடுத்த பென் டிரைவை முதலாளி சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். சர்வரில், பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு இருந்தால் அதன்மேல் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். வட்டுக்குப் போய்ச் சேராத எழுத்தை நாள் கணக்கில் தாங்கி வைத்திருக்கும் பேட்டரி அது. அது செத்தால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நேராக வட்டில் எழுத ஆரம்பிக்கும். “சர்வர் மெதுவா ஓடுது” என்று போன் வந்தால் முதலில் அந்தப் பேட்டரியைத்தான் பார்ப்பேன். தன்னால் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் வாக்கு கொடுப்பதை நிறுத்துகிற அந்தக் கார்டை எனக்குப் பிடிக்கும். இப்போது விற்கும் பல சாமான்களிடம் அந்த நேர்மையை நான் பார்ப்பதில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென் கிரிட் தேசியக் கிரிட்டோடு சேர்ந்தது. புதிய மின் நிலையங்களும் ஓட ஆரம்பித்தன. ஓரிரு வருடங்களில் கரண்ட் நிலைத்தது. எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும்தான். தறிக்காரர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் கணக்கைக் காத்துவந்த பழக்கங்கள் ஒவ்வொன்றாக அன்றைக்கிலிருந்து உதிர ஆரம்பித்தன. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறவர் வேறு வேலைக்குப் போனார். பேட்டரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பென் டிரைவ் மேசை இழுப்பறைக்குள் போனது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்தது, அதுவே போதும் என்று இருந்தார்கள். அந்த விளக்கு கரண்ட் இருக்கிறது என்பதைச் சொல்லும்; கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

சில வருடங்களுக்கு முன்னால் சித்திரை மாதத்து இடிமழையில் ஒரு மாலை டிரான்ஸ்ஃபார்மர் விழுந்தது. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு ஜவுளிக்கடையில் சர்வரோடு இருந்த யுபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி உப்பிப் போயிருந்தது. கரண்ட் வந்து டேட்டாபேஸ் எழுந்தது. பிழை எதையும் சொல்லவில்லை. ஆனால் கடைசியாகப் போட்ட பில்களில் சில இல்லை. அந்த பில்கள் வாடிக்கையாளர் கையில் அச்சாகிப் போய்விட்டன, பணம் கடையின் வங்கிக் கணக்கில் செல்போன் வழியாக ஏறியும்விட்டது. கடையின் கணக்கில் மட்டும் அந்தச் சேலைகள் விற்கப்படாமல் இருந்தன. வங்கிக் குறுஞ்செய்திகளையும், ஸ்டாக்கை எண்ணியதையும் வைத்து ஆட்களைத் தேடிப் பிடித்து நேர்செய்தோம். அங்கே சிட்டை எழுத யாரும் இல்லை.

இரண்டு காரணங்கள் தெரிந்தன. மென்பொருளை நிறுவியவர்கள் வேகத்துக்காக டேட்டாபேஸில் ஒரு அமைப்பை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக்கை வட்டில் இறக்க வேண்டாம், நொடிக்கு ஒருமுறை இறக்கினால் போதும் என்று. பெஞ்ச்மார்க்கில் எண்கள் அழகாக வரும். ஆனால் அந்த ஒரு நொடிக்குள் விழுந்த பில்லுக்கு நாம் கொடுத்த வாக்கு வெறும் வாய்ப்பேச்சு. அறிக்கை தயார் செய்கிற மெஷினில் இப்படி வைத்தால் பாதகமில்லை. பணம் வாங்குகிற மெஷினில், கடைக்காரரிடம் சொல்லாமல் இப்படி வைப்பதை நான் தப்பு என்றே சொல்வேன்.

ஆனால் தொலைந்தவை ஒரு நொடிக்கு உரியவற்றைவிட அதிகம். மீதிக்குக் காரணம் வட்டு. புரோகிராம் எழுதச் சொன்னால் டேட்டாபேஸ் இயங்குதளத்திடம் கொடுக்கும். இயங்குதளம் முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ‘எஃப்சிங்க்’ என்று கேட்டால்தான் வட்டுக்குத் தள்ளும். வட்டுக்கும் சொந்தமாக ஒரு சின்ன நினைவகம் உண்டு. அங்கே வந்ததும், இன்னும் நிலையான இடத்தில் எழுதாமலேயே, “எழுதிவிட்டேன்” என்று பதில் சொல்லிவிடும் வட்டுகள் இருக்கின்றன. இப்படிப் பொய் சொல்கிற பழைய வகை வட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறைதான் சுழல முடியும். லாக்கின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் எழுதினால், ஒவ்வொன்றுக்கும் வட்டு ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். அதனால் தனி ஒரு வட்டு, தனி ஒரு ஆள் செய்யும் கமிட்டுகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடித்தேன் என்று சொன்னால், அது எழுதவில்லை. இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

எஸ்எஸ்டி வட்டில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. இந்தக் கணக்கு செல்லாது. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வுக்கூடமும் சேர்ந்து 2013-இல் ஒரு ஆய்வை வெளியிட்டன. 15 எஸ்எஸ்டிகளுக்கு வேலை நடக்கும்போதே கரண்டைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 வட்டுகளில் கோளாறு. எழுதியது பாதியில் கிழிந்திருந்தது, வரிசை மாறியிருந்தது. ஒரு வட்டு மொத்தமாகச் செத்தே போனது. எஸ்எஸ்டிக்குள் எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தையும் வட்டு தன் நினைவகத்தில்தான் வைத்துக்கொண்டிருக்கும். அது குலைந்தால், இன்றைக்கு எழுதியது மட்டுமல்ல, போன வருடம் எழுதியதும் போகலாம். இதற்கு மருந்து இருக்கிறது. சர்வர்களுக்கென்று செய்யும் வட்டுகளில் வரிசையாகச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். கரண்ட் அறுந்த பிறகு கண்ணிமைக்கும் நேரத்துக்கு அவை மின்சாரம் தரும். அந்த நேரத்துக்குள் வட்டு தன் கையில் இருப்பதை எல்லாம் எழுதி முடித்துவிடும். விலை கூடுதல்தான். கடைத்தெருவில் விற்கும் சாதாரண எஸ்எஸ்டி பெட்டியின்மேல் இது இல்லை என்று யாரும் அச்சிடுவதில்லை. வேகத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

இயங்குதளத்தையும் முழுதாக நம்ப முடியவில்லை என்பது 2018-இல் தெரிந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற நல்ல டேட்டாபேஸை எழுதுகிறவர்கள், லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் இரண்டாம் முறை கேட்கும்போது வெற்றி என்று பதில் வருவதைக் கவனித்தார்கள். எழுத முடியாத பக்கத்தை இயங்குதளம் எழுதியாகிவிட்டதாகக் குறித்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. அந்த டேட்டாபேஸ் சுமார் இருபது ஆண்டுகளாக, தோற்றால் மறுபடி கேட்டால் போதும் என்று நம்பியே இருந்தது. 2019 பிப்ரவரியில் திருத்தம் வந்தது: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்காதே, உடனே நின்றுவிடு, லாக்கிலிருந்து மறுபடி கட்டு. உலகத்தின் கவனமான ஆட்களுக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்தது என்றால் இந்த வேலை எவ்வளவு கடினம் என்று பாருங்கள். அவர்கள் அதை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசித் திருத்தினார்கள். அதற்காகவே அந்த டேட்டாபேஸை இன்றும் கடைகளுக்குப் பரிந்துரைக்கிறேன்.

“இனிமேல் எல்லாம் கிளவுடில் சார், அங்கே கரண்டே போகாது” என்று சொல்கிறார்கள். கிளவுட் என்பதும் ஏதோ ஒரு ஊரில் ஒரு கட்டடம்தான். 2015 ஆகஸ்ட் 13 அன்று பெல்ஜியத்தில் கூகுளின் தரவு மையத்துக்கு மின்சாரம் தரும் கிரிட்டில் நான்கு முறை மின்னல் விழுந்தது. பேட்டரிகள் இருந்தன, திரும்பத் திரும்பப் போய் வந்ததில் சில சேமிப்பு மெஷின்கள் தாங்கவில்லை. வட்டுகளின் மொத்த இடத்தில் 0.000001 சதவீதத்துக்கும் குறைவான பகுதி மீட்க முடியாமல் போனதாக கூகுளே அறிவித்தது. மிகச் சிறிய எண். அவர்கள் எழுதிச் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் தன் கணக்கு இருந்தவருக்கு அது நூறு சதவீதம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தது. தீ பிடித்தது யுபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரிகளில், அவற்றை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அதில் போனது. வேறு இடத்தில் நகல் இல்லை. கரண்ட் போனால் காப்பாற்ற வைத்த பேட்டரி அது. இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை. அதுவும் கரண்ட் போனதால் பிறந்ததுதான். 2005 ஜனவரியில் லைவ்ஜர்னல் என்ற தளத்தின் சர்வர்கள் இருந்த தரவு மையத்தில் மொத்தக் கரண்டும் போனது. எழுந்து பார்த்தபோது டேட்டாபேஸ்கள் சிதைந்திருந்தன, வட்டுகள் பொய் சொல்லியிருந்தன. அந்தத் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் வட்டின் பொய்யைப் பிடிக்க ஒரு சிறு புரோகிராம் எழுதினார். சோதிக்க வேண்டிய மெஷின் ஓயாமல் எழுதும். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டேன் என்று வட்டு சொன்னதும், நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு மெஷினுக்கு அந்த எண்ணைச் சொல்லும். இரண்டாவது மெஷின் சாட்சி. நடுவில் முதல் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சுவிட்ச் போட்டு முறையாக அணைக்கக் கூடாது. அணைக்கும்போது எல்லாம் எழுதப்பட்டுவிடும். பிறகு மறுபடி ஏற்றி, சாட்சி கேட்ட எண்களெல்லாம் வட்டில் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

அந்த ஜவுளிக்கடைக்குப் புது சர்வர் வந்தபோது, என்னோடு வேலை செய்யும் பெண் பயந்தாள்.

“சார், புது மெஷினுங்க. ஓடறப்பப் பிளக்கப் புடுங்குனா கெட்டுப்போயிராதுங்களா?”

“கெடறதா இருந்தா இன்னிக்கே கெடட்டும் அம்மிணி. கணக்கு ஏத்தறதுக்கு முன்னால கெட்டா விக்கறவங்ககிட்டயே திருப்பிக் குடுத்தரலாம். கணக்கு ஏத்துனதுக்கு அப்புறம் கெட்டா யாருகிட்டக் குடுப்பே?”

அவளே பிடுங்கினாள். சர்வரோடு வந்த எஸ்எஸ்டி தேறவில்லை. சாட்சி கேட்ட எண்களில் கடைசியாக வந்தவை வட்டில் இல்லை. நம்பிக்கை இல்லாமல் மறுபடி செய்தாள், மறுபடியும் அப்படியே. விற்றவர் போனில் வாதாடினார். இரண்டு மெஷின்களின் எண்களையும் படமெடுத்து அனுப்பியதும் மாற்றிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். கெப்பாசிட்டர் வைத்த வட்டு வந்தது. இடைவெளி மாற்றி மாற்றிப் பல தடவை பிடுங்கியும் சாட்சி சொன்ன எண்ணெல்லாம் வட்டில் இருந்தன. நொடிக்கு ஒருமுறை என்ற அந்த அமைப்பை நீக்கி, ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக்கை இறக்கும்படி வைத்தோம். பில் கவுன்டரில் தாமதம் தெரிகிறதா என்று முதலாளி நின்று பார்த்தார், தெரியவில்லை. ஒரே சமயத்தில் பல கவுன்டர்களிலிருந்து வரும் கமிட்டுகளை டேட்டாபேஸ் சேர்த்து ஒரே எழுத்தாக இறக்கிக்கொள்கிறது, வட்டும் வேகமானது. வேகத்துக்காக வாக்கை விடவேண்டிய தேவை அந்தக் கடைக்கு முன்பும் இருந்ததில்லை.

சோதனையில் வந்த எண்களை அந்தப் பெண் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கிடங்கு மெஷினும் கிளைக்கடை மெஷினும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு கிளைக்குப் போகிறோம். யுபிஎஸ் பேட்டரியையும் லோடு கொடுத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.